எந்த நாமத்தில் முழுக்கு?

அன்பு மகள் ஜெபாவுக்கு,

மும்பை சயானிலிருந்து பெரியப்பா எழுதுவது. ஹூஸ்டனில் நீ போகிற சபையில், "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி" என்று சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, இயேசுவின் நாமத்தில் மறுபடி எடு என்கிறார்களாம். உன் அம்மா போனில் அழுதுவிட்டாள். அழுவதற்கு என்ன இருக்கிறது? தாராவிக்கு இது பழைய வழக்கு. 90 அடி ரோட்டை ஒட்டிய சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பார். சி.எஸ்.ஐ.க்காரர், ஆர்.சி.க்காரர், மாடி அறையில் கைதட்டிப் பாடுகிற பெந்தெகொஸ்தேக்காரர் எல்லோரும் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமை ஆட்கள்தான். தெளிப்பா முழுக்கா என்று ஒரு தகராறு. முழுகினவர்களுக்குள் எந்த நாமத்தில் என்று இன்னொன்று. உன் சபை மாதிரியானவர்களை இங்கே "ஜீசஸ் ஒன்லி" என்பார்கள். அவர்களுக்கு அந்தப் பேர் பிடிக்காது.

நம் ஆட்கள் அவர்களையும் யெகோவாவின் சாட்சிகளையும் "திரித்துவத்தை மறுக்கிறவர்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். உண்மையில் இருவரும் எதிரெதிர்த் திசையில் போகிறவர்கள். பிதாவே இயேசுவாக வந்தார், ஆவியும் அவரே என்பது உன் பாஸ்டரின் போதனை. மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் சபெல்லியஸ் சொன்னதாகச் சொல்லப்படுவதும் கிட்டத்தட்ட இதுதான். குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர், அவருக்குக் கீழானவர் என்பது சாட்சிகளின் போதனை. இது அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர் கிளப்பிய வாதத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஆரியுஸின் வாதத்தைத் தீர்க்கத்தான் 325-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அங்கே முடிவானது. முடிவானதே தவிர சண்டை ஓயவில்லை. நிசேயாவுக்காக நின்ற அத்தனாசியுஸை ஐந்து முறை நாடு கடத்தினார்கள். விசுவாசப் பிரமாணத்தில் பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதி விரிந்தது 381-ல், கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தில்.

ஓய்வுநாள் பள்ளியில் உனக்கு ஐஸ், தண்ணீர், ஆவி என்று சொல்லித் திரித்துவம் விளக்கியிருப்பார்கள். ஒரே பொருள் மூன்று நிலையில் என்றால் அது சபெல்லியஸ் கட்சிதான்! நம் சி.எஸ்.ஐ. டீச்சர்களே ஆண்டாண்டு காலமாக உன் பாஸ்டரின் உபதேசத்தைப் போதித்து வந்திருக்கிறார்கள்.

உன் சபைக்காரர்களின் கதை அவ்வளவு பழசில்லை. 1913-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடந்த ஒரு பெந்தெகொஸ்தே முகாமில், அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று மெக்அலிஸ்டர் என்பவர் பேசப்போக, அது பற்றிக்கொண்டது. 1916-ல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் திரித்துவத்தை எழுதி உறுதி செய்தபோது 585 ஊழியர்களில் 156 பேர் வெளியேறினார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்கிற மத்தேயு 28:19 ஒரு பக்கம், இயேசுவின் நாமம் என்கிற அப்போஸ்தலர் 2:38 மறுபக்கம். இரண்டும் ஒரே வேதாகமத்தில்தான் இருக்கின்றன.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சண்டை என்று நினைத்துவிடாதே. சென்னையில் திருவேங்கடம் என்று ஒரு தமிழர் இருந்தார். ஆங்கிலேயருக்கு வேலைக்காரராகி இங்கிலாந்து வரை போனார், கிறிஸ்தவரானார், வில்லியம் ராபர்ட்ஸ் என்று பேர் வைத்துக்கொண்டார். ஆங்கிலிக்கன் சபையை விட்டு வந்து 1774-ல் லண்டனில் தனிக்கோயில் தொடங்கிய தியோபிலஸ் லிண்ட்சியும், ஆக்சிஜனைக் கண்டறிந்த அதே ஜோசப் பிரிஸ்ட்லியும் எழுதியவை அவர் கைக்கு வந்தன. பிதா ஒருவரே கடவுள், இயேசு அவர் அனுப்பிய மனிதர் என்ற முடிவுக்கு வந்தார். 1795-ல் சின்னதாக ஒரு கூட்டம் சேர்த்தார். 1813-ல் புரசைவாக்கத்தில் கோயில் கட்டினார். லிண்ட்சியின் ஜெபப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவந்தார். அவருக்கு மிஷனரி யாரும் வந்து உபதேசிக்கவில்லை. தானே வாசித்து, தானே யோசித்து, பிறகுதான் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அவர் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் பெரிய சபையை விட்டு விலகி நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! 1838-ல் அவர் இறந்த பிறகும் அந்தச் சபை நடந்தது.

வாதம் வந்தால் 1 யோவான் 5:7-ஐ மட்டும் நீட்டாதே. பரலோகத்தில் சாட்சியிடும் மூவர் என்ற அந்த வாக்கியம் நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது, பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. எராஸ்மஸே 1516-ல் அதை விட்டுவிட்டு 1522-ல்தான் சேர்த்தார். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் நீ அதைப் பார்க்க முடியாது. அதற்குப் பதில் 2 கொரிந்தியர் 13:14-ஐக் காட்டு. ஆராதனை முடிவில் ஐயர் சொல்லும் ஆசீர்வாதம்தான் அது, உனக்கு மனப்பாடம்.

பயந்துபோய் மட்டும் தண்ணீரில் இறங்காதே. முதலில் உன் பாஸ்டரிடம், கெத்செமனேயில் இயேசு யாரை நோக்கி ஜெபித்தார் என்று கேள். மனுஷீகம் தேவத்துவத்தை நோக்கி ஜெபித்தது என்பார். அந்தப் பதில் உனக்குப் போதும் என்று பட்டால் எனக்கு எழுது, மேலே பேசலாம்.

அன்புடன்,
பெரியப்பா