பத்துத் துளிகள்

எங்கள் பங்கில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஞாயிறு மறைக்கல்வி நடத்தியவன் நான். என் சிறுவயதில் குறிப்பிடத்தை மனப்பாடம் செய்துதான் புதுநன்மை வாங்கினோம். கேள்வியும் புத்தகத்தில் இருந்தது. விடையும் புத்தகத்தில் இருந்தது. உபதேசியார் கேள்வியைச் சொல்வார். நாங்கள் விடையை ஒரே குரலில் ஒப்பிப்போம். ஒரு சொல் தவறினாலும் தலையில் குட்டு விழும். பின்னாளில் நான் ஆசிரியரானபோது ஏறத்தாழ அவ்வாறே கற்பித்தேன். பாடநூல்கள் மாறின, வண்ணப் படங்கள் சேர்ந்தன. கேள்வி கேட்கும் உரிமை மட்டும் என்னிடமே இருந்தது.

1988-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து வயதான என் மகன் முன்வரிசையில் இருந்தான். வகுப்பில் என்னைச் 'சார்' என்றே அழைக்க வேண்டும் என்பது நான் அவனுக்கு இட்டிருந்த கட்டளை. தலைப்பிள்ளைகளின் சாவைச் சொல்லி முடித்ததும் அவன் அந்தக் கட்டளையை மறந்து எழுந்து நின்றான்.

"அப்பா, பார்வோன்தானே தப்பு செஞ்சான்? அந்தப் பிள்ளைங்க என்ன செஞ்சுது?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டவரைக் குறுக்குக் கேள்வி கேட்கிறாயா என்று அதட்டி, வகுப்பு முடியும்வரை அவனை வெளித்திண்ணையில் முழந்தாளிட வைத்தேன்.

அதன்பின் அவன் வகுப்பில் எதுவும் கேட்டதில்லை. கல்லூரி முடித்து வேலைக்குப் போனவன் மெல்ல மெல்லத் திருப்பலிக்கு வருவதையும் விட்டுவிட்டான். அந்த ஒரு நாள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒருவன் விலகிப் போவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆயினும் அந்தத் திண்ணையைக் கடக்கும்போதெல்லாம் அவனுடைய சிறிய முதுகு என் கண்ணில் தெரியும்.

இந்த நினைவோடுதான் 2018 அக்டோபர் இறுதியில், மகளைக் காண அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக்குச் சென்றேன். ஆறு மாதங்கள் அங்கே தங்கினேன். எதிர்வீட்டில் ஒரு யூதக் குடும்பம். அவர்களுடைய எட்டு வயது மகனும் என் பேரனும் ஒரே வகுப்புத் தோழர்கள். நான் போய் இறங்கிய மூன்றாம் நாள், அக்டோபர் 27, சனிக்கிழமை காலையில், பிட்ஸ்பர்க் நகரின் தொழுகைக்கூடம் ஒன்றில் ஓய்வுநாள் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள்மீது ஒருவன் துப்பாக்கியால் சுட்டுப் பதினொரு பேரைக் கொன்றான். அன்று மாலை என் மகள் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் உடன் போனேன். அந்த அம்மையாரின் கையைப் பற்றிக்கொண்டு என் மகள் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் தம் மகனை வழக்கம்போல் சமயப் பள்ளிக்கு அழைத்துச் சென்றதைச் சன்னல் வழியே கண்டேன். அங்கே அவரும் ஓர் ஆசிரியை என்று பிறகு அறிந்தேன். நானும் மறைக்கல்வி ஆசிரியன் என்று கேள்விப்பட்டதும், ஒரு நாள் வந்து பாருங்கள் என்று அழைத்தார்.

எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. என் சிறுவயதில் எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் யூதர் வேடமிட்டவர்கள் மேடையேறினால் நாங்கள் கூச்சலிட்டு ஏசுவோம். புனித வெள்ளி மன்றாட்டில் அவர்களைக் குறித்திருந்த கடுமையான சொல்லைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1959-இல் நீக்கினார். ஆண்டவரின் பாடுகளுக்கான பழியை அக்காலத்து யூதர் அனைவர்மீதும், இக்காலத்து யூதர்மீதும் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்தது. 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எருசலேமின் மேற்குச் சுவர் இடுக்கில் மன்னிப்பு வேண்டும் மன்றாட்டு ஒன்றை வைத்தார். இவற்றையெல்லாம் நான் வகுப்பில் எடுத்துச் சொன்னதுண்டு. ஆனால் அதுவரை ஒரு யூதக் குழந்தையை நான் நேரில் கண்டதில்லை.

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலிக்குப் பின் அங்கே சென்றேன். வாசலில் காவலர் ஒருவர் நின்றார். அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வகுப்பறைக்குள் நுழையும் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் உண்டியலில் காசு போட்டது. அந்தக் கொடைக்கு அவர்கள் வழங்கும் எபிரேயப் பெயர் 'செதாக்கா'. நீதி என்னும் சொல்லோடு வேர் ஒன்றானது. ஏழைக்குக் கொடுப்பது இரக்கப்பட்டுச் செய்யும் உபகாரம் மட்டுமாகாது, செலுத்த வேண்டிய கடன் என்று அவர்கள் எழுத்துப் படிக்கும் முன்பே கற்றுக்கொள்கிறார்கள்.

பிறகு எழுத்துப் பாடம். இருபத்திரண்டு எழுத்துகள், வலமிருந்து இடமாக வாசிப்பு. முதன்முதலாக எழுத்தறியும் குழந்தைக்கு எழுத்தின்மேல் தேன் தடவி நாவால் சுவைக்கக் கொடுக்கும் பழக்கம் ஐரோப்பிய யூதரிடையே இடைக்காலத்திலேயே இருந்ததாம். இன்றும் சில இடங்களில் அது தொடர்கிறது. இறைவார்த்தை இனிப்பு என்று சொல்லித் தருவதற்கு முன் நாக்குக்கே அதைத் தெரிவித்துவிடுகிறார்கள். தோராச் சுருள் தோலில் கையால் எழுதப்படுவது. அதில் 3,04,805 எழுத்துகள். ஓர் எழுத்துச் சிதைந்தாலும், அதைச் செப்பனிடும்வரை அச்சுருளை வழிபாட்டில் வாசிப்பதில்லை. பதின்மூன்று வயதில் சபை நடுவே நின்று அதை வாசிக்கவே இப்பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள்.

அன்றைய பாடம் ஆபிரகாம். முந்திய வாரமே ஆசிரியை ஒரு வீட்டுவேலை கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் அப்பகுதியைப் பெற்றோருடன் வாசித்து ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும். விடை கொண்டுவரத் தேவையில்லை. ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: சோதோம் நகருக்காகக் கடவுளிடம் அத்தனை வாதாடிய ஆபிரகாம், தம் சொந்த மகனைப் பலியிடச் சொன்னபோது ஏன் ஒன்றும் பேசவில்லை?

நான் இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்தேன். ஆசிரியை முகம் மலர்ந்தார். அக்கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். நம் முன்னோர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று மற்றப் பிள்ளைகளைப் பார்த்தார். நான்கைந்து பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வகுப்பு முடிந்தபோதும் கேள்வி கரும்பலகையில் அப்படியே இருந்தது. அழிக்காமல் விட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

அதன்பின் அவர்களுடைய விழாக்களுக்கெல்லாம் எனக்கு அழைப்பு வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 2 நமக்குத் திருவருகைக் கால முதல் ஞாயிறு. எங்கள் வீட்டில் பேரன் முதல் மெழுகுதிரியை ஏற்றிய அதே மாலையில், எதிர்வீட்டுச் சன்னலில் ஹனுக்கா விழாவின் முதல் சுடர் எரிந்தது. நாளுக்கு ஒன்றாகக் கூட்டி எட்டு நாள்கள் ஏற்றுகிறார்கள். பள்ளியில் பிள்ளைகள் உருளைக்கிழங்கைத் துருவிக் கொடுக்க, ஆசிரியைகள் எண்ணெயில் அடை போலப் பொரித்தெடுத்தார்கள். நான்கு எழுத்துகள் பொறித்த பம்பரத்தைச் சுற்றி விளையாடினார்கள். அங்கே பெரும் அற்புதம் ஒன்று நிகழ்ந்தது என்பதன் முதலெழுத்துகள் அவை. யூதா மக்கபேயும் அவர் சகோதரரும் எருசலேம் கோவிலை மீட்டுத் தூய்மைப்படுத்தி அர்ப்பணித்த வரலாறே அவ்விழா. மக்கபேயர் நூல்கள் எங்கள் விவிலியத்தில் உள்ளன என்று நான் சொன்னதும் ஆசிரியை வியந்தார். அவர்களுடைய விவிலியத்தில் அவை இல்லை. எனக்கும் வியப்புத்தான். நூல் நம்மிடம் இருக்கிறது. விழா அவர்களிடம் இருக்கிறது. அக்கோவில் அர்ப்பண விழாவின்போது, குளிர்காலத்தில், நம் ஆண்டவர் சாலமோன் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. எத்தனை முறை அப்பகுதியை வாசித்திருப்பேன்! எந்த விழா என்று ஒரு நாளும் நின்று கேட்டதில்லை.

மார்ச் மாதத்தில் பூரிம் விழா வந்தது. பிள்ளைகள் அரசனும் அரசியுமாக வேடமிட்டு வந்தார்கள். எஸ்தர் நூலை வாசிக்கையில் கொடியவன் ஆமானின் பெயர் வரும்போதெல்லாம், அப்பெயரே காதில் விழாதபடி மரக்கிலுக்குகளைச் சுழற்றி அறையை அதிரவைத்தார்கள். பெரிய வியாழனன்று மணிகள் ஓய்ந்தபின் நாம் தட்டும் மரக்கட்டையின் ஓசையை அது எனக்கு நினைவூட்டியது. எபிரேய எஸ்தர் நூலில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஒரு சிறுவன் அதைக் கேட்டேவிட்டான்: இந்தக் கதையில் கடவுள் எங்கே? நீ எங்கே தேடினாய் என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார்.

ஏப்ரல் 14, குருத்து ஞாயிறு. திருப்பலியில் பெற்ற குருத்தோலையோடு அப்பள்ளிக்குச் சென்றேன். பாஸ்கா இரவு விருந்தைப் பிள்ளைகள் முன்கூட்டியே நடத்திப் பழகும் நாள் அது. மேசைமேல் புளிப்பற்ற அப்பம், கண்ணீரைக் குறிக்கும் உப்புநீர், அடிமை வாழ்வின் கசப்பைக் குறிக்கும் கசப்புக் கீரை, செங்கல் சாந்தை நினைவூட்டும் ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் கலந்த கலவை ஆகியன இருந்தன. எல்லாருக்கும் இளைய சிறுமி எழுந்து, இந்த இரவில் மட்டும் ஏன் இவ்வாறெல்லாம் உண்கிறோம் என்ற பொருளில் நான்கு கேள்விகளை எபிரேயத்தில் இசையோடு பாடினாள். குழந்தை கேட்ட பிறகுதான் பெரியவர்கள் விடுதலைப் பயணத்தின் கதையைத் தொடங்குகிறார்கள்.

கதைக்கு நடுவே நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார்கள்: அறிவுள்ள பிள்ளை, முரண்டு பிடிக்கும் பிள்ளை, வெள்ளை மனப் பிள்ளை, கேட்கவே தெரியாத பிள்ளை. பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்னும் கட்டளை தோராவில் நான்கு இடங்களில் வருவதால் இந்த நால்வர். முரண்டு பிடிப்பவனுக்குக் கிடைக்கும் விடை கடுமையானதுதான். ஆயினும் அவனும் அதே மேசையில்தான் அமர்ந்திருக்கிறான். அவனை எவரும் திண்ணைக்கு அனுப்பவில்லை.

அடுத்துப் பத்து வாதைகள். ஒவ்வொரு வாதையின் பெயரைச் சொல்லும்போதும் பிள்ளைகள் திராட்சைச் சாற்றில் விரல் தோய்த்து ஒரு துளியைத் தட்டில் வைத்தார்கள். பத்து வாதைகளுக்குப் பத்துத் துளிகள். கடைசித் துளியை வைத்த ஒரு சிறுமி விரலை நக்கப் போனாள். எதிர்வீட்டுச் சிறுவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நக்கக் கூடாது. எகிப்தியர்கள் செத்துப் போனார்கள். அதனால்தான் நம் கிண்ணத்தில் குறைக்கிறோம்."

எட்டு வயதுப் பிள்ளை சொன்னான். நான் குனிந்து என் கையிலிருந்த குருத்தோலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் முப்பத்தோராண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வி அந்தத் தட்டில் சிவப்புத் துளிகளாகக் கிடந்தது. அந்தப் பிள்ளைகள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு அங்கும் விளக்கம் சொல்லப்படவில்லை. ஆயினும் அவர்களை மறந்துவிட்டு மகிழ்வதற்கும் இடமில்லை.

ஏப்ரல் 19, புனித வெள்ளி. அவ்வாண்டு பாஸ்காவின் முதல் இரவும் அன்றே வந்தது. சிலுவையை முத்தி செய்துவிட்டு நோன்போடு வீடு திரும்பினேன். எதிர்வீட்டுச் சன்னலில் விளக்கொளி. மேசையைச் சுற்றி உறவினர். ஒரு சிறு குரல் பாடியது. கேள்விகள்தாம் என்று தெரிந்துகொண்டேன். நம் ஆண்டவரும் சிறுவராயிருந்தபோது நாசரேத்தில் ஒரு பாஸ்கா இரவில் சூசையப்பரிடம் கேட்டிருப்பார் என்று எண்ணியபடி இருட்டில் சற்று நின்றேன்.

இரண்டு நாள் கழித்து, உயிர்ப்பு ஞாயிறன்று, இலங்கையிலிருந்து அச்செய்தி வந்தது. கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகளும் இறந்தார்கள். அத்தாக்குதல்களில் மாண்டவர் 250-க்கும் மேற்பட்டோர். அன்று அந்த அம்மையார் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகளின் கையைப் பற்றிக்கொண்டு நின்றார்.

அன்றிரவு மகனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, சின்ன வயசுல வகுப்புல நீ ஒரு கேள்வி கேட்ட. ஞாபகம் இருக்கா?"

சிறிது நேரம் பேச்சில்லை. "எகிப்துப் பிள்ளைங்களப் பத்தியாப்பா?"

"ஆமாய்யா. எனக்கு இன்னும் பதில் தெரியல. அன்னிக்கும் தெரியாது. அதுக்குத்தான் உன்ன முட்டிபோட வச்சேன்."

"அன்னிக்கே தெரியலன்னு சொல்லியிருக்கலாமேப்பா" என்றான். குரலில் கோபம் இல்லை. நான் அவனுக்குப் பத்துத் துளிகளைப் பற்றிச் சொன்னேன். அவன் இணைப்பைத் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் அதன்பின் ஒழுங்காகக் கோவிலுக்கு வரத் தொடங்கிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆனால் 2023-இல் உயிர்ப்பு விழாவுக்கு ஏழு வயதுத் தன் மகளை எங்களிடம் அனுப்பிவைத்தான். பாஸ்காத் திருவிழிப்பில் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை ஒருபோதும் விட்டுவிடுவதில்லை. அது வாசிக்கப்பட்டபோது பேத்தி என் முழங்கையை இழுத்தாள்.

"தாத்தா, அந்தக் குதிரைங்க என்ன தப்பு செஞ்சுது?"

திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி அறையின் திண்ணையில் அவளை என் அருகில் அமர்த்திக்கொண்டேன். எனக்குத் தெரியாது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கினோம். அவளை அழைத்துப் போக வந்த என் மகன் தூணில் சாய்ந்து, நாங்கள் பேசி முடிக்கும்வரை நின்றிருந்தான்.