திருமுடிவாக்கத்தில் ஒரு நூற்கண்டு

பல்லாவரம் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, திருநீர்மலைச் சாலையில் மேற்கு நோக்கிச் செல்லுங்கள். திருநீர்மலைக் குன்றைத் தாண்டி, அடையாற்றையும் கடந்தால் திருமுடிவாக்கம் வந்துவிடும். நீங்கள் புறப்படும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தால் பல்லாவரத்துச் சந்தையையும் பார்த்துவிடலாம். பழைய நாற்காலி முதல் புறாக்குஞ்சு வரை விலைக்கு வரும் சந்தை அது. அங்கே சுற்றும் சுவாரசியத்தில் ஜும்ஆவின் நேரத்தை மறந்துவிடாதிருந்தால் சரி!

திருமுடிவாக்கத்தை அறிந்தோர் அதனை இரும்பின் ஊராகவே அறிவர். சிட்கோ நிறுவனத்தின் தொழிற்பேட்டை இங்கே பரந்து கிடக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள வாகனத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய சின்னஞ்சிறு உதிரிபாகங்கள் இங்குள்ள பட்டறைகளில் உருவாகின்றன. கடைசல் எந்திரத்தின் சீற்றமும் அச்சு எந்திரத்தின் இடியோசையும் பகலெல்லாம் கேட்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது இப்பகுதியும் வெள்ளத்தின் வாயில் அகப்பட்டு மீண்டது.

இத்தகைய ஊரில் நூலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஊரின் இருப்பிடத்தைக் கவனித்தால் விடை கிடைக்கும். ஆற்றுக்கு அக்கரையில் அனகாபுத்தூர், வடக்கே குன்றத்தூர். இரண்டுமே நெசவாளர்களின் ஊர்கள். குன்றத்தூரில் பட்டு. அனகாபுத்தூரின் கதையோ சற்று நீண்டது. ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்று வணிகர் பெயரிட்ட கட்டம் போட்ட பருத்தித் துணி அங்கு நெய்யப்பட்டு, கடல் கடந்து நைஜீரியாவுக்குச் சென்றது. அந்நாட்டின் காலபாரி மக்கள் பிறப்பிலும் இறப்பிலும் அத்துணியை முன்வைத்துச் சடங்குகள் செய்தனர். (நம்மவர் இடுப்பில் கட்டும் கைலிக்கு மலாய் நாட்டில் ‘பெலிக்காட்’ என்று பெயர், பழவேற்காட்டின் பெயரே அங்கு அவ்வாறு உருமாறிற்று. கட்டம் போட்ட துணியின் பயணம் நம் சமுதாயத்துக்குப் புதியதன்று.) 1970களில் நைஜீரியா துணி இறக்குமதிக்குத் தடை விதித்தபோது அனகாபுத்தூரின் தறிகள் பல ஓய்ந்தன. பிற்காலத்தில் அவ்வூர் நெசவாளர்களில் ஒரு சாரார் வாழைநார், சணல், கற்றாழை போன்றவற்றைப் பருத்தியோடு சேர்த்து நெய்து மீண்டும் பெயர் பெற்றனர். புதுமையான நார் கண்ணைக் கவர்ந்தது. அன்றாடப் பருத்தி துணியைத் தாங்கிற்று. இந்தச் சேர்க்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குப் பயன்படும்.

இரண்டு நெசவூர்களுக்கு அருகே இருந்தும் தறியில்லாத ஊராகத் திருமுடிவாக்கம் விளங்குகிறது. தொழிற்பேட்டையை நம்பி வந்த குடும்பங்கள் பலவும் ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் வாழ்பவை. தறி போட அங்கே இடமேது? பாவு நீட்டத் தெருவேது? ஆனால் பின்னல் வேலைக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. நெசவுக்குப் பாவும் ஊடையுமாக இருவகை நூல் தேவை. பின்னலுக்கு ஒற்றை நூல் போதும். அதனை வளைத்து ஒரு கண்ணி, அக்கண்ணிக்குள் மறு கண்ணி. மடியே தறி, விரல்களே ஓடம். கணவர் பட்டறைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் வீட்டிலிருக்கும் சகோதரிக்கு இதைவிட ஏற்ற கைத்தொழில் எனக்குத் தோன்றவில்லை.

“இது குளிர்நாட்டுக் கலையாயிற்றே, கம்பளி வேலையாயிற்றே, சென்னை வெயிலில் எதற்கு?” என்பார்கள் சிலர். வரலாறு வேறு சொல்கிறது. உலகில் இதுவரை கிடைத்துள்ள ஊசிப் பின்னல்களுள் மிகப் பழையவை எகிப்தில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தைச் சேர்ந்த காலுறைகளே. ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரைக்கும் உரியவை. அவை கம்பளியல்ல, பருத்தி! அவுரி தோய்த்த நீல நூலும் வெள்ளை நூலும் மாறி மாறி வர, சிலவற்றில் அரபு எழுத்தை ஒத்த வடிவங்களும் அமைந்துள்ளன. ஸ்பெயினின் பர்கோஸ் நகரில் லாஸ் உவெல்காஸ் என்றொரு கிறித்தவ மடம் உண்டு. 1275இல் இறந்த இளவரசர் ஃபெர்னாந்தோ தெ லா செர்தாவின் கல்லறையை அங்கே திறந்து பார்த்தபோது, பட்டு நூலால் பின்னிய தலையணை உறை ஒன்று கிடைத்தது. அதன் ஓரத்தில் கூஃபி எழுத்தில் ‘பரக்கத்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கிறித்தவ இளவரசரின் தலைமாட்டுக்கு முஸ்லிம் கைவினைஞர்கள் பின்னியளித்த உறை அது!

நம் தமிழகத்திலும் இத்தொடர்பு அறுபடவில்லை. பனியன் நகராம் திருப்பூரில் 1925ஆம் ஆண்டளவில் முதல் பின்னலாடை ஆலையை நிறுவியவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகனார். இன்று உலகெங்கும் செல்லும் திருப்பூர்ச் சரக்கின் முதற்கண்ணி அங்கே விழுந்தது. ஆகவே பின்னல் அந்நியர் கலை என்று எவரேனும் சொன்னால் நாம் தயங்கவேண்டியதில்லை.

சரி, என்ன பின்னலாம்? முதலில் தொழுகைத் தொப்பி. இதற்குக் கொக்கி ஊசியால் செய்யும் ‘குரோஷா’ முறையே எளிது. ஆறு கண்ணிகளை வளையமாக்கித் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கண்ணிகள் கூட்டிக்கொண்டே போனால் தட்டு போன்ற வட்டம் விரியும். வட்டம் சுருண்டு கிண்ணமானால் கூட்டியது குறைவு என்றும், ஓரம் அலையலையாக எழும்பினால் கூட்டியது மிகுதி என்றும் அறிக. பெரியவர்களின் தலைச்சுற்று பொதுவாக 54 முதல் 58 சென்டிமீட்டர். பருத்திப் பின்னல் சற்றே நெகிழுமாதலால், வட்டத்தின் குறுக்களவு 16 அல்லது 17 சென்டிமீட்டர் ஆனவுடன் கூட்டுவதை நிறுத்திவிட்டு, எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு அப்படியே சுற்றிவந்தால் தொப்பி தயார். முடித்தபின் நீர்த்த சோற்றுக் கஞ்சியில் நனைத்து, அதே அளவுள்ள எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் உலர விடுங்கள். விறைப்பாக நிற்கும்.

நூல் எது என்பதில்தான் நம் சகோதரிகள் பலர் ஏமாந்துபோகிறார்கள். கடைக்குப் போனால் பளபளக்கும் நூற்கண்டுகள் கண்ணைப் பறிக்கின்றன. இறகைப்போல் சிலிர்த்து நிற்பது ஒன்று. சரிகை மின்னுவது ஒன்று. சிறு சிறு வளையங்கள் துருத்தி நிற்பது மற்றொன்று. வளைய நூலில் நடுவே ஒரு தாங்குநூல் ஓட, அலங்கார நூலை வேண்டுமென்றே மிகுதியாக ஊட்டி வளையமாக்கி, மூன்றாவது நூலால் கட்டியிருப்பார்கள். ஊசிமுனை அவ்வளையத்தில் சிக்கினால் பொறுமை போய்விடும்! இறகு நூலிலோ கண்ணியே தெரியாது; எங்கே கூட்டினோம், எங்கே விட்டோம் என்று எண்ண முடியாது. ‘சரிகை’ என்று விற்கும் நூல் பெரும்பாலும் உலோகப் பூச்சிட்ட செயற்கைத் தாளைக் கீற்றாக வெட்டியது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருங்கிவிடும். மலிவான ‘உல்லன்’ என்று நாம் வாங்குவதும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். அது வியர்வையை உறிஞ்சாது. பருத்தியோ நனையும்போது வலுக்கூடும் இயல்புடையது. ஒளுச் செய்த ஈரத்தோடு அணிந்து, அடிக்கடி துவைத்து, அடித்துப் பிழியும் பொருளுக்கு அதற்கு நிகர் ஏது?

அதற்காகப் புதுமை நூலை அடியோடு ஒதுக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. அனகாபுத்தூர்த் தறியை நினைத்துக்கொள்ளுங்கள்: உடல் பருத்தி, ஓரம் புதுமை. பெண்குழந்தையின் தலைப்பட்டையில் கடைசிச் சுற்று மட்டும் மின்னும் நூல். தஸ்பீஹ் வைக்கும் சுருக்குப்பையின் வாயில் இறகு நூல் ஒரு வரி. குர்ஆன் உறையின் மூடியில் வளைய நூலால் ஒரு பூ. இவை போதும். கைக்குழந்தையின் தொப்பிக்கு மட்டும் இறகு நூல் வேண்டாம். உதிரும் இழை வாய்க்குள் போகும். பட்டு நூலானால், அது நம் ஆண்மக்களுக்கு விலக்கப்பட்டது என்பதை நினைவூட்டத் தேவையில்லை. பெண்களுக்குரிய பொருள்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி, காசு. கைப்பழக்கம் உள்ளவருக்கும் மெல்லிய நூல் தொப்பி ஒன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். பள்ளிவாசல் வாயிலில் எந்திரத் தொப்பி விற்கும் விலையைக் கேட்டுவிட்டு, அதே விலைக்குத் தம் உழைப்பைக் கொடுத்துவிடும் சகோதரிகளைக் கண்டிருக்கிறேன். நூல் விலை போக எஞ்சுவது பேருந்துக் கட்டணத்துக்கும் போதாது. எந்திரத்தோடு ஓட்டப்பந்தயம் வேண்டாம். வங்கதேசத்தின் வடமாவட்டங்களில் பெண்கள் ஓமான் நாட்டாரின் ‘கும்மா’ தொப்பிகளுக்கு ஊசிவேலை செய்கிறார்கள். கைவேலை என்பதனாலேயே அவற்றுக்கு அங்கே மதிப்பு. நாமும் எந்திரம் செய்யாததைச் செய்வோம்: அளவெடுத்த தொப்பி, மக்தப் செல்லத் தொடங்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கான சிறு தொப்பி, மணமக்களுக்கு ஒரே கரை போட்ட தொப்பியும் சுருக்குப்பையும். கேட்பவரிடம் மணிக்கணக்கைச் சொல்லி விலை கேளுங்கள். கூச்சம் வேண்டாம். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் கடைசல்காரர் தம் கூலியை அப்படித்தானே கேட்கிறார்?

நூலும் கொக்கியும் பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். தொப்பி ஒன்றுக்கு முப்பது கிராம் அளவுக்குப் பருத்தி நூல் போதுமாகையால் ஒரே கண்டில் தொடங்கலாம். மிஞ்சுவதில் தஸ்பீஹ் பை ஆகிவிடும். பெருநாளுக்குத் தேவையென்றால் ஷஃபான் மாதத்திலேயே தொடங்குங்கள். ரமளானின் கடைசிப் பத்தில் அமர்ந்து கண்ணி எண்ண எவருக்கும் நேரமிராது. கடைக்குக் கிளம்புமுன் பிள்ளையின் தலையை ஒரு கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றையே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.