உடம்புக்கு உண்டா தேய்மானம்?

வணிகவியல் படிக்கிறவர்கள் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளும் சொல் 'தேய்மானம்'. ஒரு இயந்திரம் ஓட ஓடத் தேய்கிறது. அதனால் வருடா வருடம் கணக்கில் அதன் மதிப்பைக் குறைத்து எழுதுகிறார்கள். இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் இந்தக் கணக்கு சரிப்படாத இயந்திரம் ஒன்று உண்டு. அதுதான் மனித உடம்பு! அளவாக ஓட்டினால் அது உறுதியாகிறது. சும்மா நிறுத்தி வைத்தால்தான் துருப்பிடிக்கிறது.

காரைக்கால் மாவட்டத்தில் உள்ள மீனவ கிராமம் கருக்களாச்சேரி. அங்கே ஒரு தகப்பனார். பெயர் வேண்டாம், வயது ஐம்பத்தைந்து இருக்கும். சின்ன வயதில் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். மரத்தைத் தள்ளுவது, துடுப்புப் போடுவது, வலை இழுப்பது, மீன் கூடையைத் தூக்குவது என்று விடியும் முன்பே உடம்புக்கு வேண்டிய வேலை எல்லாம் முடிந்துவிடும். உடற்பயிற்சி என்ற வார்த்தைக்கு அவர் வாழ்க்கையில் இடமே இருந்ததில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அதற்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுக்க கட்டுமரங்கள் குறைந்து, மோட்டார் பொருத்திய ஃபைபர் படகுகள் பெருகின. இதைக் குறை சொல்ல முடியாது. நேரம் மிச்சம், உடல் வலியும் மிச்சம். ஆனால் உடம்பின் வேலையில் பாதியை மோட்டார் எடுத்துக்கொண்டது. பிறகு முழங்கால் வலி வந்தது. படகைப் பெரிய மகனிடம் விட்டுவிட்டு, நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைத் தைக்க ஆரம்பித்தார். வேலை குறைந்தது. ஆனால் சாப்பாடு குறையவில்லை! அதே மலை போன்ற சோறு, நாளைக்கு ஐந்து தடவை சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ.

ஒருநாள் அவர் காலில் ரத்தம் வழிவதை மனைவிதான் பார்த்தார். "ஏங்க, கால்ல என்ன ரத்தம்?" கிளிஞ்சல் ஆழமாகக் கிழித்திருந்தது. அவருக்கோ வலியே தெரியவில்லை! மருத்துவமனையில் சோதித்தபோது சர்க்கரை நோய் என்று தெரிந்தது. காலில் உணர்ச்சியும் குறைந்திருந்தது. மருத்துவர் சொன்னது இரண்டு விஷயம். "தினமும் நடக்கணும். ஆனா வெறுங்காலோட நடக்கக் கூடாது." வாழ்நாள் முழுவதும் மணலில் வெறுங்காலோடு நடந்த மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்! இதே நோயில் புண் ஆறாமல் காலை இழந்த ஒருவர் அவர்கள் உறவிலேயே இருந்தார். வீட்டில் அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். காரைக்கால் சேர்ந்திருக்கும் புதுச்சேரியிலோ 26.3 சதவீதம்! கோவாவுக்கு அடுத்த இடம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இளைய மகன் கல்லூரியில் படிக்கிறவன். உடனே களத்தில் இறங்கினான். அப்பாவுக்கு ஷூ வாங்கினான். செல்போனில் நடையை எண்ணும் ஆப் போட்டான். தினமும் பத்தாயிரம் அடி என்று இலக்கு வைத்தான். (இந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் கண்டுபிடித்த எண் இல்லை. 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. வயதான பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், 4,400 அடியிலேயே நல்ல பலன் தெரிந்தது. சுமார் 7,500-க்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை.)

மூன்று நாள் நடந்தார். நான்காம் நாள் ஷூ திண்ணையிலேயே கிடந்தது.

"ஏம்ப்பா?"

"வேலவெட்டி இல்லாதவன்தான்டா கரையில சும்மா சுத்துவான். பாக்குறவன் சிரிக்கிறான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. காரைக்கால் கடற்கரைச் சாலையில் மாலையில் நடக்கிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஆனால் உழைப்பதற்காக மட்டுமே உடம்பை அசைத்த ஊரில், காரணம் இல்லாமல் நடப்பது வெட்கமாகத்தான் இருக்கும். மருந்து போல விழுங்கும் நடையில் மகிழ்ச்சி ஏது? மகிழ்ச்சி இல்லாத பழக்கம் எத்தனை நாள் நிற்கும்?

சில நாள் கழித்து, அக்கம்பக்கத்தார் சேர்ந்து கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிறு, கயிற்றுக்கு வரிசையாக ஆட்கள். ஒரு பக்கம் ஆள் குறைந்தது. "மாமா, சும்மாதானே நிக்கிறீங்க? வந்து ஒரு கை புடிங்க" என்று ஒரு பையன் கூப்பிட்டான். பிடித்தார். முடிந்த அளவு இழுத்தார், மூச்சு வாங்கியபோது நின்றார். பாதியில் யாரோ அம்பாப் பாட்டை எடுத்துவிட, அவர் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. அன்று வீட்டுக்கு வரும்போது கையில் கொஞ்சம் மீன், முகத்தில் பல மாதமாகக் காணாத சிரிப்பு!

அதிலிருந்து கரைவலை விடும் நாளெல்லாம் போகிறார். அந்தக் கரையில் ரப்பர் செருப்போடு கயிறு இழுக்கும் ஒரே ஆள் அவர்தான். கேலி செய்கிறார்கள், அவரும் சேர்ந்து சிரிக்கிறார். வலை இல்லாத நாளில் மனைவியோடு மீன் விற்கும் இடம் வரை நடக்கிறார், கூடையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு. சும்மா நடக்கத்தான் வெட்கம். கூடையோடு நடக்க என்ன வெட்கம்?

உலகம் சொல்வதும் இதுதான். 1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்துத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களை விட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை, டிக்கெட் கொடுத்தார்கள்! சென்னை ஆசியாட் காலனியில் குடியிருப்போரே சேர்ந்து பூங்கா அமைத்தார்கள். உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14 சதவீதத்திலிருந்து 59 சதவீதம் வரை உயர்ந்ததாக 2006-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடல் அசைவு. அதைப் பத்துப் பத்து நிமிடமாகத்தான் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் 2020 முதல் இல்லை. சில்லறையாகவும் சேர்க்கலாம்.

வரவை மட்டும் பார்த்தால் ஐந்தொகை சமப்படாது, செலவையும் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் சோறு பாதியானது, குழம்பில் மீனும் காயும் கூடியது. ஐந்து டீ இரண்டானது, அதிலும் சர்க்கரை இல்லை. இது மட்டும் அவருக்கு இன்னும் வருத்தம்தான்! ராத்திரி டிவி சீக்கிரம் அணைகிறது. மாத்திரை தொடர்கிறது, அதை நிறுத்தவில்லை. தினமும் படுக்கும் முன் மனைவி டார்ச் அடித்து இரண்டு பாதங்களையும் பார்த்துவிடுகிறார். சர்க்கரை அளவு முன்பை விடக் குறைந்திருக்கிறது. நோய் போய்விடவில்லை. ஆனால் பயம் போயிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் 'நடங்க, நடங்க' என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒரு அப்பாவோ அம்மாவோ இருக்கலாம். அவர்களுக்கு இலக்கு கொடுப்பதற்கு முன் ஒரு காரணத்தையும் கூட வர ஒரு ஆளையும் கொடுத்துப் பாருங்கள்.

கருக்களாச்சேரி மகன் அந்த ஆப்பை எப்போதோ அழித்துவிட்டான். "இன்னைக்கு எத்தனை அடிப்பா?" என்று இப்போது கேட்பதில்லை.

"இன்னைக்கு என்ன மீனுப்பா?" என்றுதான் கேட்கிறான்.