லைலாவும் எங் தாயும் ஏறிய மேடை

ஜார்ஜ் டவுனுக்கு வருகிறவர்கள் ஆர்மீனியன் தெருவில் சுவரோவியங்களைத் தேடி அலைகிறார்கள். என்னை இந்த ஊருக்கு இழுத்தவை வேறு படங்கள். பழைய கதைப் புத்தகங்களில் இருக்கும், சேர முடியாமல் செத்துப்போன காதலர்களின் படங்கள்.

லைலா - மஜ்னு கதையை நிஜாமி பாரசீகக் காவியமாக எழுதியது 1188-ல். அதன் ஏடுகளில் ஓவியர்கள் விரும்பி வரைந்த காட்சிகள் இரண்டு. ஒன்றில், இருவரும் பள்ளியில் பாடம் படிக்கும் பிள்ளைகள். இன்னொன்றில், பாலைவனத்தில் எலும்பும் தோலுமாக மஜ்னு; சுற்றிலும் மான்களும் சிங்கங்களும். நம் 'பெரிய எழுத்து' கதைப் புத்தகங்களில் மரக்கட்டைப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ருசி தெரியும். ஒரே படத்தில் முழுக் கதையும் கண்ணீர் விடும்.

அந்தப் படங்களுக்குப் பினாங்கில் உயிர் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் கப்பலேறி இங்கே வந்தன. அதைப் பார்த்து, 1885 வாக்கில் 'மாமாக் புஷி' என்று அறியப்பட்டவர் மலாய் மொழியில் குழு நடத்தினார். ('மாமாக்' வேறொன்றும் இல்லை, நம் 'மாமா'தான்!) இப்படி வளர்ந்ததுதான் 'பங்சாவான்' நாடகம். அரண்மனை, தோட்டம், காடு என்று வண்ணம் தீட்டிய திரைச்சீலைகள் பின்னால் தொங்கும். புத்தகப் படம் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றதுபோல!

லைலா ஏறிய பங்சாவான் மேடையில் சீனத்துக் காதலர்களும் ஏறினார்கள். ஆண் வேடமிட்டுப் படிக்கப் போன எங் தாய், உடன் படித்த சாம் பெக். இரண்டு கதைகளும் பள்ளியில் தொடங்குகின்றன. இரண்டிலும் பெண்ணைப் பெற்றவர்கள் வேறு இடத்தில் திருமணம் பேசுகிறார்கள். லைலாவின் கல்லறையில் மஜ்னு உயிர்விடுகிறான். பிளந்த கல்லறைக்குள் எங் தாய் இறங்க, இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறக்கிறார்கள்.

இந்தக் கதைகள் ஏன் இந்த ஊரில் இப்படி ஒட்டிக்கொண்டன? வணிகத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் பலர் மலாய்ப் பெண்களை மணந்து இங்கேயே குடும்பம் கண்டார்கள். அவர்கள் வாரிசுகளுக்கு 'ஜாவி பெரானாக்கான்' என்று பெயர். மேடையில் பெரியவர்கள் மறுத்த திருமணத்துக்காக அழுத கூட்டத்தில், எல்லை தாண்டிய திருமணத்தில் பிறந்தவர்களும் இருந்திருப்பார்கள். எல்லா வீட்டுக் கதவும் திறந்தே இருந்தது என்று சொல்லவில்லை. மூடிய கதவின் வலியும் திறந்த கதவின் நிம்மதியும் தெரிந்த ஊர் இது.

பிறகு சினிமா வந்தது. 1930-களில் சிங்கப்பூரில் பி.எஸ். ராஜ்ஹான்ஸ் இயக்கிய முதல் மலாய் பேசும்படமும் 'லைலா மஜ்னு'தான். நடித்தவர்கள் பங்சாவான் கலைஞர்கள். மெல்ல மெல்ல, மேடையின் கூட்டம் கொட்டகைக்குப் போனது.

பினாங்கு போனால் ஒரு மாலையை ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலைக்கு ஒதுக்குங்கள். 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கினால் சீனர்களின் கருணைத் தேவி கோயில், பக்கத்துத் தெருவில் நம் மாரியம்மன், கடைசியில் 1801-ல் நிறுவிய பள்ளிவாசல். நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். லைலாவும் எங் தாயும் ஒரே மேடையில் ஏறியதில் ஆச்சரியம் இல்லை. அவர்களுக்காக அழுதவர்கள் அத்தனை பக்கத்தில் வாழ்ந்தார்கள்.