மார்கழிக் குளிரும் இரண்டு ஸ்பூன் மருந்தும்

கரிசல் காட்டில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஏழாயிரம்பண்ணையில் மார்கழிப் பனியில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் படுத்தவர்களுக்கும், விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீசுக்கு நடந்தவர்களுக்கும் அது தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது நாட்டில் மதுவிலக்கு. 1948-லேயே சென்னை மாகாணம் முழுவதும் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு ரம் பாட்டில் இருக்கும். பட்டாளத்தில் இருந்த மாமா லீவில் வரும்போது கொடுத்துப் போவது. அதற்கு வீட்டில் பெயர் 'மருந்து'.

அப்பாவுக்குச் சளி கட்டினால் அம்மா சுக்கு, மிளகு, திப்பிலி, கொத்தமல்லி விதையை இடித்துக் கொதிக்க வைத்து, கருப்பட்டி போட்டு வடிகட்டுவாள். டம்ளரில் ஊற்றிய பிறகுதான் இரண்டு ஸ்பூன் மருந்து. அடுப்பில் இருக்கும்போது ஒரு சொட்டும் விடமாட்டாள். ஆவி தீப்பிடிக்கும் என்பதை மருந்துக் குச்சி ஊரில் பிறந்தவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஸ்பூனைக் கழுவி, பாட்டிலை மூடி, மறுபடி பானைக்குப் பின்னால் வைத்துவிடுவாள். ஒரு பாட்டில் இரண்டு வருஷம் வரும்.

1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. கடை திறந்தது. 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். இந்தத் திறப்பும் மூடலும் எங்கள் சித்தப்பாவை ஒன்றும் செய்யவில்லை. அவருக்கும் ஆரம்பம் சளிதான். பிறகு குளிர், பிறகு மேல்வலி, பிறகு காரணமே தேவைப்படவில்லை. 46 வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். துஷ்டி கேட்க வந்தவர்களிடம் சித்தி சொன்னது இது: "மச்சான் மருந்தைக் குடிச்சாரு. இவரு மருந்தையே சாப்பாடாக்கிட்டாரு."

உண்மையில் அந்தச் சூடே ஏமாற்று. மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்தம் மேலே வருவதால் கதகதப்பாகத் தோன்றும். உடம்பின் உட்சூடு அந்த வழியாக வெளியே போய்விடும். அப்பாவுக்குத் தொண்டை இதமானது சுக்காலும் மிளகாலும் வெந்நீராலும்தான் என்று இப்போது நினைக்கிறேன். பாராட்டு மட்டும் ரம்முக்குப் போனது.

பேரன் ஜெர்மனியில் படிக்கிறான். அங்கே டிசம்பர் சந்தைகளில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கிய சிவப்பு ஒயின் விற்பார்களாம். "தாத்தா, நம்ம சுக்குக் காபி மாதிரியே வாசம்" என்றான். பட்டையும் கிராம்பும் நம் பக்கத்துச் சரக்குதானே!

என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. போன மாதம் பக்கத்துத் தெருவில் எட்டு மாதக் குழந்தைக்கு நெஞ்சுச் சளி. "அரை ஸ்பூன் பிராந்தி கொடு, கேட்டுரும்" என்றார் ஒரு பெரியவர். குறுக்கே விழுந்து தடுத்தேன். குழந்தைக்குச் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும், மூச்சும் தளரும். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அனுப்பினோம்.

நம் வயதுக்காரர்கள் சொன்னால் இளசுகள் கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை போடுகிற நமக்கும் இது ஆகாது. எங்கள் வீட்டில் சுக்கு கொதிக்கிறது, கருப்பட்டி கரைகிறது. ரம் ஊற்றுகிற இடத்தில் அரை எலுமிச்சம்பழம் பிழிகிறோம்.