மூன்று அங்குலம் போதும்

மரம் செதுக்க ஒரு மடக்குக் கத்தி வேண்டும் என்று தில்லியில் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் ராம்பூர். எழுபதுகளின் இந்திப் படங்களில் வில்லன் விரித்துக் காட்டுவது அந்த ஊர்க் கத்திதான். அலகே 9 அங்குலத்துக்குக் குறையாது. தொண்ணூறுகளில் உத்தரப் பிரதேச அரசு 4.5 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குத் தடை விதிக்க, தொழில் நசிந்தது. 2023-ல் ராம்பூர் நாற்சந்தி ஒன்றில் சுமார் 20 அடி நீளக் கத்தி ஒன்றை நினைவுச் சின்னமாக நிறுத்தினார்கள். புகழுக்குக் குறைவில்லை, ஒரு குச்சியைக் குருவியாக்க அது உதவாது, அவ்வளவுதான்.

எனக்குக் கத்தி தேவைப்பட்டது 12 வயது மகளுக்காக. சவர பிளேடை வைத்துக்கொண்டு பென்சில் முனைகளில் முகம் செதுக்கிக்கொண்டிருந்தாள். பிளேடைவிட நல்ல கத்தி பத்திரம் என்பது என் கட்சி. "ஏண்டா, பொம்பளைக் குழந்தை கையில கத்தியைக் கொடுக்கறே?" என்றார் அம்மா. அதே குழந்தையை வெங்காயம் நறுக்கச் சொல்பவரும் அவர்தான்.

செதுக்கும்போது வலது கை கத்தியைப் பிடித்திருக்கும். மரத்தைப் பிடித்த இடது கையின் கட்டைவிரல்தான் அலகின் முதுகை மெல்லத் தள்ளும். அலகு நீண்டால் நுனி விரலின் பேச்சைக் கேட்காது. மூன்று அங்குலம் போதும். ரம்பப் பல் கூடாது. தடித்த அலகு மரத்தைச் சீவாமல் பிளக்கும்.

கடைக்காரர் எடுத்துப் போட்டது கத்தரிக்கோல், திருப்புளி, பல்குச்சி எல்லாம் செருகிய தடித்த கத்தி. கருவி கூடக்கூடக் கைப்பிடி பருக்கும். சிறு கை அரை மணியில் வலிக்கும். அதைவிடப் பெரிய குறை, அதில் பூட்டு இல்லை. முதுகில் உள்ள வில்லின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. நுனியால் குடையும்போது அது மடங்கினால் விரல் மேல்தான் விழும். வாங்குமுன் விரித்து, இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். அலகு ஆடினால் அந்தக் கத்தி வேண்டாம்.

கடைசியில் வாங்கியது பிரான்ஸின் ஒப்பினெல், 7-ம் எண். 8 செ.மீ. அலகு, மரக் கைப்பிடி, கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம். 1955-ல் சேர்ந்த ஏற்பாடு அது. எவர்சில்வரிலும் கிடைக்கிறது, நான் கார்பன் எஃகு கேட்டேன். துருப் பிடிக்கும், தினம் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். ஆனால் வீட்டுக் கல்லிலேயே சட்டென்று கூர் ஏறும். மழைக்காலத்தில் கைப்பிடி ஊறி அலகு வெளியே வர மறுக்கிறது என்பது உண்மை.

தெருவில் சைக்கிள் மிதித்துச் சாணை பிடிப்பவரிடம் இதைக் கொடுப்பதில்லை. சக்கரத்தின் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று. கூர் மழுங்கினாலோ கை பலத்தைக் கூட்டும், கத்தி வழுக்கும். காயம் பெரும்பாலும் அங்கேதான்.

மரத்துக்குச் செலவில்லை. காஷ்மீர் ஆப்பிள் வரும் பெட்டிப் பலகை மிருதுவானது. கணு இல்லாத துண்டாகப் பார்த்து, ஆணியைப் பிடுங்கிவிட்டுக் கொடுக்கிறேன். வீட்டில் ஒரே சட்டம்: அவள் செதுக்கும்போது கை நீளத்துக்குள் யாரும் போகக் கூடாது, பாட்டி உட்பட.