கீறல் விழுந்த இடம்

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் ‘கீறல் விழுந்த இசைத்தட்டு’ என்று கேலி செய்வது நம் வழக்கம். அதைக் கேட்கும்போது பிறர் சிரிப்பர்; எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அத்தகைய தட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் கீறல் விழுவதற்குக் காரணமானவன் நானே.

பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்த என் தந்தை, 1971-ஆம் ஆண்டில், பல மாதச் சேமிப்பைக் கொண்டு ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினார். அதனோடு வந்த முதல் தட்டு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுவரம். 1964-இலேயே மறைந்துவிட்ட அக்கலைஞர் ஞாயிறு மாலைதோறும் எங்கள் முன்னறைக்கு வந்து வாசித்துச் சென்றார் என்றே சொல்ல வேண்டும். தந்தை தட்டின் விளிம்புகளை மட்டும் உள்ளங்கைகளால் பற்றி எடுப்பார், மெல்லிய துணியால் தூசு துடைப்பார், முள்ளை இறக்குவார். அதன்பின் சுமார் இருபது நிமிடங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அவர் இல்லாத ஒரு பகற்பொழுதில் அத்தட்டை நானே ஓடவிட முயன்றேன். கை நடுங்கியது; முள் சறுக்கியது. அடுத்த ஞாயிறன்று இராக ஆலாபனை நடுவழியில் நின்றுவிட்டது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் அல்ல, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும் தட்டு அது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. கீறலில் இடறிய முள் மீண்டும் முந்தைய வரிப்பள்ளத்திலேயே விழ, அந்த 1.8 விநாடி இசையே ஓயாமல் சுழன்றது. நான் தலை குனிந்து நின்றேன். தந்தை என்னை ஒருமுறை பார்த்தார். எழுந்து சென்று, ஒற்றை விரலால் முள்ளை மெல்ல நகர்த்திவிட்டு வந்து அமர்ந்தார். ‘யார் செய்தது?’ என்று அன்றும் கேட்கவில்லை. பிறகு என்றுமே கேட்கவில்லை. அதற்குப் பின் எத்தனையோ ஆண்டுகள், அவ்விடம் வரும்போதெல்லாம் அவர் எழுந்து செல்வார், நகர்த்துவார், திரும்பி வருவார்.

தந்தை 2009-இல் காலமானார். சென்ற ஆண்டு, அவருடைய தட்டுகளைக் கணினியில் பதிந்து வைக்கும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று. ஆயினும் உள்ளூர ஒரு தயக்கம். இசைத்தட்டே இயற்கையான ஒலி. கணினியோ ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுவது என்று நெடுங்காலம் நம்பி வந்தவன் நான். என் மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் பொறியியல் படித்தவள்.

அவள் விளக்கியது இது: குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி அலையை விநாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. மனிதச் செவிக்கு எட்டுவது விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே. ஓர் அலையின் உச்ச அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேல் அளவெடுத்தால், அந்த அலையை முழுமையாக மீட்டுவிடலாம் என்பது கணிதம் நிறுவிய உண்மை. எனவே ஸ்பீக்கரிலிருந்து வருவது படிக்கட்டன்று, வழவழப்பான அலையே. மாறாக, இசைத்தட்டுக்குத்தான் சமரசங்கள் மிகுதி. தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியுமே தட்டில் வெட்டுகிறார்கள். ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்கிறது. முள் தட்டின் மையத்தை நெருங்க நெருங்க, ஒரு சுற்றில் அது கடக்கும் தொலைவு சுருங்குவதால், ஒலியின் தெளிவும் சற்றே குன்றுகிறது.

வாதத்தோடு அவள் விடவில்லை. தட்டையும், அதிலிருந்தே பதிந்த கோப்பையும் ஒரே ஒலியளவில் வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தாள். பத்து முறை கேட்டேன். ஐந்து முறை தவறாகச் சொன்னேன். நான் இவ்வளவு நாளும் போற்றிய அந்த ‘இதம்’ முழுவதும், சிறு பொரிச்சத்தம் உட்பட, கோப்பிலும் இருந்தது. ஆகவே, அதைக் கணினி கொன்றுவிடும் என்ற என் அச்சம் பொய்யாயிற்று. தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. உண்மை, நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை அல்லவா?

இந்த வெற்றியின் உற்சாகத்தில் நான் மேலும் ஒன்று செய்தேன். பொரிச்சத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். கீறல் விழுந்த இடத்தில் மீண்டும் மீண்டும் வந்த சுற்றுகளை வெட்டியெறிந்து, முன்னும் பின்னும் தையல் தெரியாமல் இணைத்தேன். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் குற்றம் சில நிமிடங்களில் அழிந்தது. பெருமையோடு அம்மாவின் அருகில் கணினியை வைத்து ஓடவிட்டேன்.

எண்பத்தெட்டு வயதான அம்மா கண்களை மூடிக் கேட்டார். கீறல் இருந்த இடம் வந்தது, தடையின்றிக் கடந்தது. அம்மா கண் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எங்கய்யா அந்த இடம்? அப்பா எந்திரிச்சுப் போவாகளே, அது எங்க?”

என்னால் விடை கூற முடியவில்லை. இசையை நான் குறையின்றி மீட்டிருந்தேன். ஆனால் அம்மா இத்தனை ஆண்டுகள் கேட்டது இசையை மட்டுமன்று. நாற்காலி நகரும் ஓசை, நான்கு காலடிகள், விரல் பட்டதும் எழும் ஒரு சிறு ‘டக்’. இவையும் அவருக்கு அந்த இராகத்தின் பகுதிகளே. எனக்கும் அப்படித்தான் என்பதை அப்போதே உணர்ந்தேன். நான் அழித்தது என் குற்றத்தை மட்டுமன்று. ஞாயிறுதோறும் ஒரு சொல்லும் இன்றி என்னை மன்னித்த ஒரு மனிதரின் நடையையும் சேர்த்தே அழித்துவிட்டேன்.

கணினியைக் குறை கூற எனக்கு மனமில்லை. அந்தக் கோப்பு அயலூரில் இருக்கும் என் தங்கையைச் சென்றடைந்திருக்கிறது. எத்தனை முறை ஓடினாலும் தேயாது. தட்டோ ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கிறது. பாதுகாக்க வேண்டுமெனில் கணினியே சிறந்தது. இதில் இனி எனக்கு ஐயமில்லை. எனினும், பாதுகாத்தல் வேறு, கூடியிருந்து கேட்டல் வேறு. விரலசைவில் ஆயிரம் பாடல்கள் கிடைக்கும்போது, ஒன்றையேனும் இறுதிவரை கேட்கும் பொறுமை நம்மிடம் குறைந்திருக்கிறது. அது கருவியின் பிழையன்று, நம்முடையது.

அந்த ஞாயிறு மாலை, ரெக்கார்டு பிளேயரை மீண்டும் முன்னறைக்குக் கொண்டு வந்தேன். தூசு துடைத்து முள்ளை இறக்கினேன். அம்மாவும் மகளும் அமர்ந்திருந்தனர். கீறல் வந்தது. அந்த 1.8 விநாடி இசை சுழலத் தொடங்கியது. அம்மா என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து சென்றேன்.